சிம்பாப்வே பாட்டிமாரின் வாங்கை வன்னிக்குக் கொண்டுவரலாமா?

கரைச்சி – தொடக்கப் பதிவு

கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் ஆறு கிராமங்களுக்கு மூன்று வருட வாழ்வாதாரத் திட்டம் ஒன்று எழுதப்படுகிறது. வீட்டுத்தோட்டம், கோழி வளர்ப்பு, மாதர் சங்கத்துக்கு ஒரு சுழற்சி நிதி. இதோடு உளசமூகப் பகுதியும் இருக்க வேண்டும் என்று கொடையாளர் கேட்டிருக்கிறார்கள். குழுவில் பாதிப்பேர் சிம்பாப்வேயின் 'தோழமை வாங்கு' (பிரெண்ட்ஷிப் பெஞ்ச், மனக்கஷ்டம் உள்ளவர் ஒரு பாட்டியோடு உட்கார்ந்து பேசும் இருக்கை) மாதிரியை அப்படியே எடுத்துவிடலாம் என்கிறார்கள். மரத்தடியில் ஒரு வாங்கு, பயிற்சி பெற்ற ஒரு அம்மம்மா, ஆறு சந்திப்பு, குறைந்த செலவு.

கேட்க விரும்புவது மூன்று. அங்கே உண்மையில் வேலை செய்தது எது? இங்கே எது ஒட்டும், எது ஒட்டாது? பணம் நின்ற பிறகு எது நிற்கும்? "கலாசாரத்துக்கு ஏற்றபடி" என்று பொதுவாகச் சொல்லாமல் செய்முறையாகச் சொல்லுங்கள்.

மருதநிழல்

அப்படியே எடுக்கலாம் என்பவர்கள் வாங்கைப் பார்க்கிறார்கள், வாங்கு போடுவதற்கு முன்னால் நடந்ததைப் பார்க்கவில்லை.

2005இல் சிம்பாப்வே அரசு நகரக் குடியிருப்புகளை இடித்துத் தள்ளியது. சுமார் 7 லட்சம் பேர் வீட்டையோ பிழைப்பையோ இரண்டையுமோ இழந்தார்கள் என்று ஐ.நா. அறிக்கை சொன்னது. அந்தச் சூழலில்தான் 2006இல் ஹராரேயின் எம்பாரே பகுதியில் டிக்சன் சிபண்டா என்ற மனநல மருத்துவர் 14 பாட்டிமாரோடு வேலையைத் தொடங்கினார். முதலில் அதற்கு வைத்த பெயர் 'மனநல வாங்கு'. யாரும் வந்து உட்காரவில்லை. பெயரை மாற்றச் சொன்னதே பாட்டிமார்தான். ஷோனா மொழியில் 'சிகாரோ செகுபனமசானோ', ஒருவருக்கொருவர் யோசனை கொடுத்துக்கொள்ளும் இருக்கை என்று பொருள்.

நோய்க்கு வைத்த பெயரும் ஊர்ப் பெயர்தான்: 'குஃபுங்கிசிசா', அதாவது அளவுக்கு மிஞ்சி யோசிப்பது. கேள்வித்தாளையும் லண்டனிலிருந்து கொண்டுவரவில்லை. 1990களிலேயே ஹராரேயில் நோயாளிகள் சொன்ன சொற்களை வைத்துக் கட்டிய 14 கேள்விகள் இருந்தன. போன ஒரு வாரத்தைப் பற்றிய கேள்விகள், பதில் ஆம் அல்லது இல்லை. சந்திப்பின் மூன்று கட்டங்களுக்கும் ஷோனாப் பெயர்: மனதைத் திறத்தல், தூக்கி நிறுத்தல், உரமேற்றல். உள்ளே இருப்பது 'பிரச்சினை தீர்க்கும் சிகிச்சை' என்ற, உலகம் முழுக்கத் தெரிந்த முறை. அதற்குப் போட்ட உடுப்பு மட்டும் ஷோனா என்று சிலர் சொல்வார்கள். அது சரியல்ல. எது பிரச்சினை, யாரிடம் சொல்லலாம், எப்போது தீர்ந்ததாக எண்ணலாம் என்பதையெல்லாம் ஊர்தான் முடிவு செய்தது.

ஆய்வு: 24 மருத்துவ நிலையங்கள், 573 பேர், 2016 டிசம்பரில் வெளியானது. 14க்கு 9 அல்லது அதற்கு மேல் வந்தவர்களைச் சேர்த்தார்கள். ஆறு மாதம் கழித்து வாங்குக்கு வந்தவர்களின் சராசரி 3.81, வழமையான கவனிப்பைச் சற்று மேம்படுத்திக் கொடுத்த மற்றக் குழுவில் 8.90. மனச்சோர்வு நிலையில் இருந்தவர்கள் 13.7 சதவீதம், மற்றக் குழுவில் 49.9. பெரிய வித்தியாசம்தான். ஆனால் பங்கெடுத்தவர்களில் பத்துக்கு நான்கு பேர் எச்.ஐ.வி. உள்ளவர்கள், ஏற்கெனவே அந்த நிலையங்களுக்கு வந்து போகிறவர்கள். அவர்களுக்கு வாங்கில் உட்கார ஒரு சாக்கு இருந்தது.

பலர் கவனிக்காமல் விடுவது ஒன்று. அந்தப் பாட்டிமார் புதிதாகப் பிடித்துவந்த தொண்டர்கள் அல்ல. ஹராரே நகரச் சுகாதாரப் பகுதியின் கீழ் ஏற்கெனவே வேலை செய்துகொண்டிருந்த சமூகச் சுகாதாரப் பணியாளர்கள். திட்டம் நின்றாலும் அவர்கள் நிற்பார்கள். உங்கள் மூன்றாவது கேள்விக்குப் பாதி விடை அங்கேயே இருக்கிறது.

பொருநை

தமிழ்நாட்டிலிருந்து எழுதுகிறேன், சொல்லைப் பற்றி மட்டும்.

இங்கே 'கவுன்சிலிங்' என்று போர்டு வைத்தால் இன்ஜினியரிங் சீட்டு என்று நினைத்து மார்க் ஷீட்டோடு வருவார்கள். ஆசிரியர் வீடாக இருந்தால் இடமாறுதல் என்று நினைப்பார்கள். உங்கள் பக்கத்து 'உளவளத்துணை' அழகான சொல், ஆனால் கந்தோர்ச் சொல்தானே? 'மனச்சோர்வு' என்றால் கிராமத்தில் களைப்பு. 'மன அழுத்தம்' என்பதை நாளிதழ்கள் டிப்ரஷன், ஸ்ட்ரெஸ் என்ற இரண்டு வெவ்வேறு நிலைகளுக்கும் மாற்றி மாற்றிப் போட்டு அதற்குப் பொருளே இல்லாமல் ஆகிவிட்டது. 'மனநோய்' என்று ஒரு வீட்டைப் பற்றிப் பேச்சு வந்தால் அந்த வீட்டுப் பெண்ணுக்கு வரன் நிற்கும்.

ஷோனாக்காரர்களின் 'அதிக யோசனை' நமக்குத் தூரமில்லை. "ஒரே யோசனையா இருக்கு" என்பதுதான் நம் ஊரிலும் முதல் வாக்கியம். ஒரு வித்தியாசம், தமிழில் யோசனை என்பது நோயும்தான், மருந்தும்தான். யோசனை கூடிப்போய் வருகிறவர் "ஒரு யோசனை சொல்லுங்க" என்றுதான் கேட்பார். அதனால் இங்கே உட்காருகிறவருக்கு அறிவுரை சொல்லும் ஆசை இரண்டு மடங்கு வரும். பயிற்சியில் அதற்கென்று தனியாக நேரம் ஒதுக்குங்கள்.

செவ்வந்தி

மட்டக்களப்புப் பக்கத்தில் முதல் வாக்கியம் பெரும்பாலும் உடம்பைப் பற்றியது. நெஞ்சுக்குள்ள எரியுது, தலை விறைக்குது, கை கால் உளையுது. வெளிநோயாளர் பிரிவுக்குப் போவார்கள், பனடோல் கொடுத்து அனுப்புவார்கள். அடுத்த கிழமை அதே உளைவோடு திரும்ப வருவார்கள். மூன்றாம் முறை வருகிறவரைத்தான் வாங்குக்குத் திருப்ப வேண்டும். அவரிடம் "உங்களுக்கு மனப் பிரச்சினை" என்று சொல்லக்கூடாது. "இந்த உளைவு எப்ப தொடங்கினது, அப்ப வீட்டில என்ன நடந்தது?" என்று கேட்டால் போதும்.

எரிவு, சூடு, கொதி, குளிர்தல் என்று எங்கள் பக்கத்துத் துயரமே வெப்பத்தில்தான் பேசும். வைகாசியில் கண்ணகி அம்மன் கோயில்களில் நடக்கும் குளிர்த்திச் சடங்கின் கருத்தே அதுதான்: மதுரையை எரித்துவிட்டு வந்தவளின் கோபத்தை ஊரே கூடிக் குளிரவைப்பது. யுத்தகாலத்தில் பிள்ளையைப் பறிகொடுத்த தாய்மார் தெய்வம் ஏறி ஆடுகிறவர்களிடம் வாக்குக் கேட்கப் போனதை பட்ரீசியா லோரன்ஸ் என்ற மானிடவியலாளர் விரிவாகப் பதிவு செய்திருக்கிறார். பொலிசிலும் முகாமிலும் வாய் திறக்க முடியாத காலத்தில், நடந்ததை ஊர் முன்னால் உரத்துச் சொல்ல இருந்த இடம் அது ஒன்றுதான். பேச்சுச் சிகிச்சை என்று இன்றைக்குச் சொல்கிறவர்கள் இதையும் ஒரு நிறுவனமாக மதிக்க வேண்டும்.

ஆனால் திட்டக் காசில் சடங்கு செய்யாதீர்கள். சடங்கின் பலம் ஊர் வரியில் இருக்கிறது. வீட்டுக்கு இவ்வளவு, இந்தக் குடிக்கு இந்தப் பொறுப்பு என்ற பங்கில்தான் சனம் ஒன்றாகிறது. வெளிக்காசு வந்தால் அடுத்த வருடம் பங்கு குறையும், திட்டம் முடிந்தபின் சடங்கும் மெலியும். சடங்கு வாரத்தில் கூட்டமோ பயிற்சியோ வைக்காமல் விடுங்கள். அது போதும்.

கரைச்சி

நன்றி. அப்படியென்றால் வன்னியின் சொற்களைச் சேர்ப்பதிலிருந்து தொடங்க வேண்டும். அதை எப்படிச் செய்வது? எத்தனை பேர், எத்தனை நாள்?

மருதநிழல்

மூன்று கிழமையில் முடிக்கலாம். 30 முதல் 40 பேர். ஆண் பெண், இளையவர் முதியவர், எல்லாச் சாதி, கரையோரமும் உள்ளூரும் கலந்திருக்க வேண்டும். கேள்வி ஒன்றே ஒன்று: "சண்டைக்குப் பிறகு இந்த ஊர் ஆக்களுக்கு இருக்கிற கஷ்டங்கள் என்னென்ன?" மனம், உளம் என்ற சொல்லே கேள்வியில் வரக்கூடாது. பதிலைச் சொன்ன சொல்லிலேயே எழுத வேண்டும். பெரும்பாலும் பிழை நடப்பது இந்த இடத்தில்தான். சொல்கிறவர் "வெறுத்துப்போச்சு" என்பார், படித்த பிள்ளை "விரக்தி" என்று எழுதும். விரக்தி வேறு, வெறுத்துப்போவது வேறு. ஒருவர் கேட்க இன்னொருவர் எழுதினால் இந்தப் பிழை குறையும்.

வரும் பட்டியலில் கடன், தண்ணி, யானை, காணி, குடி எல்லாம் இருக்கும். அவற்றைத் தூக்கி எறியாதீர்கள், வாழ்வாதாரப் பகுதிக்கு அது தங்கம். மனம் சார்ந்தவையாகத் தெரியும் சொற்களை மட்டும் எடுத்து, "இப்படி ஆகிவிட்டால் இந்த ஊரில் யாரிடம் போவார்கள்?" என்று கேளுங்கள். திரும்பத் திரும்ப வரும் 10, 15 பெயர்களை இரண்டு தடவை போய்ப் பாருங்கள். மருத்துவிச்சி, பூசாரி, பாதிரியார், முன்பள்ளி ஆசிரியை என்று யாராகவும் இருக்கலாம். ஏங்கிப்போன ஒருவர் எப்படி நடப்பார், எப்படிச் சாப்பிடுவார், எப்படிக் குணமாகும் என்று அவர்கள் சொல்வதிலிருந்துதான் கேள்வித்தாள் வரும். வாங்கில் உட்கார வேண்டியவரும் அந்தப் பெயர்களுக்குள்ளேயே இருப்பார்.

இந்த வழி புதிதல்ல. உகண்டாவின் தென்மேற்கில் பால் போல்டனின் குழு இப்படித்தான் இரண்டு உள்ளூர்ப் பெயர்களைக் கண்டுபிடித்தது, ஒன்று தன்னையே வெறுத்தல், மற்றது தன்னை நினைத்தே இரங்குதல். பிறகு 30 கிராமங்களில் ஆணுக்குத் தனி, பெண்ணுக்குத் தனி என்று 16 கிழமை, கிழமைக்கு ஒன்றரை மணி நேரம் குழுச் சந்திப்பு வைத்து, பலன் இருந்ததை 2003இல் வெளியிட்டார்கள். அவர்களிடமிருந்து எடுக்க வேண்டிய முக்கியமான ஒன்று 'செயல் பட்டியல்'. இந்த ஊரில் ஒரு பெண் தனக்கும் வீட்டுக்கும் ஊருக்கும் செய்யவேண்டிய வேலைகள் என்னென்ன என்று ஊரையே கேட்பது. ஆணுக்கு வேறு பட்டியல். வன்னியில் தண்ணி அள்ளுதல், பிள்ளையைப் பள்ளிக்கு வெளிக்கிடுத்தல், தோட்டத்துக்கு இறைத்தல், சங்கக் கூட்டம், செத்தவீட்டுக்குப் போதல் என்று வரலாம். ஒவ்வொன்றும் எவ்வளவு கஷ்டம் என்று ஐந்து படத்தைக் காட்டிக் கேளுங்கள். தலையில் ஒன்றுமில்லாமல் நிற்கும் பெண்ணில் தொடங்கி, விறகுக்கட்டின் கீழ் குனிந்துபோன பெண் வரை. உளநலப் பகுதிக்கும் கோழிப் பகுதிக்கும் ஒரே அளவுகோல் கிடைத்துவிடும். கொடையாளருக்குக் காட்டவும் அது நேர்மையான எண்.

பொருநை

கேள்வி கட்டும்போது தமிழுக்கே உரிய ஒரு குழி இருக்கிறது. எதிர்மறையில் கேட்காதீர்கள். "நித்திரை வரவில்லையா?" என்று கேட்டால் "ஓம், வரயில்லை" என்பாரும் உண்டு, "இல்லை, வரயில்லை" என்பாரும் உண்டு. இரண்டும் ஒரே பதில். ஆனால் எழுதுகிறவர் ஒருவருக்கு 1 போடுவார், மற்றவருக்கு 0 போடுவார். "போன கிழமை நித்திரை குழம்பினதா?" என்று கேட்டால் தொல்லையில்லை.

மனச்சோர்வை அளக்க உலகெங்கும் புழங்கும் ஒன்பது கேள்வித் தாளில் "பாதி நாட்களுக்கு மேல்" என்று ஒரு தெரிவு வரும். தினக்கூலிக்குப் போகிறவரிடம் அது ஓடாது. அதே தாளில் ஒரு கேள்வி, மந்தமாகிவிட்டீர்களா அல்லது ஓரிடத்தில் இருக்க முடியாமல் அலைகிறீர்களா என்று எதிரெதிரான இரண்டை ஒன்றாகக் கேட்கும். ஆம் என்றால் எது? ஆம்–இல்லைப் பதிலும் ஒரு கிழமை எல்லையுமே கிராமத்துக்கு நல்லது.

14க்கு 9 என்ற கோடு ஹராரேயுடையது. அதை வன்னியில் போட்டு "இத்தனை சதவீதம் பேருக்கு நோய்" என்று அறிக்கை எழுதாதீர்கள். கோடு போட வேண்டுமென்றால் அதே ஆட்களில் ஒரு பகுதியை மனநல மருத்துவர் தனியாகப் பார்த்து ஒப்பிட வேண்டும். அது முடியாவிட்டால் தொடக்கத்தில் இருந்த எண்ணும் இப்போதைய எண்ணும் மட்டும் போதும்.

வெளிவாசல்

எல்லாம் சரி, ஆனால் இந்த இழையில் கலாசாரம் என்றால் நல்லது என்ற தொனி ஏறிக்கொண்டே போகிறது. அதைக் கொஞ்சம் நிறுத்த வேண்டும். மரத்தடி என்கிறீர்கள். எந்த மரத்தடி? கோயில் வீதி மரமா? அங்கே யார் சாதாரணமாக உட்கார முடியாது என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். அம்மம்மா என்கிறீர்கள். அவர் யாருடைய மாமியார்? கணவனை இழந்த பெண்ணை நல்ல காரியத்துக்கு முன்னால் வரவிடாத வழக்கமும் கலாசாரம்தான். அடிவாங்கி வருகிறவளிடம் "பொறுத்துப் போ பிள்ளை, குடும்பம் எண்டால் அப்பிடித்தான்" என்று சொல்வது கலாசாரத்தில் ஊறிய அறிவுரைதான்.

தமிழ்நாட்டில் தர்கா இருக்கும் ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6இல் நடந்ததை மறக்க வேண்டாம். மனநலம் குன்றியவர்களைச் சங்கிலியில் கட்டி வைத்திருந்த கொட்டகை தீப்பிடித்து 28 பேர் இறந்தார்கள். தர்காவின் மேல் இருந்த நம்பிக்கை மக்களுடையது. அந்த நம்பிக்கையைச் சுற்றி யாரும் கேள்வி கேட்காமல் வளர்ந்த விடுதிகள்தான் கொன்றன. பிறகு அங்கே துவாவும் மருந்தும் சேர்ந்து கிடைக்க, தர்கா அருகிலேயே மனநல மருத்துவர் பார்க்கும் ஏற்பாடு வந்தது. நேர்ச்சைக்கு வந்தவரை நேர்ச்சையிலிருந்து பிரிக்காமல் மாத்திரையும் கொடுப்பது. பண்பாட்டு உளவியல் என்பது அங்கேதான் உருப்படியாகத் தெரிகிறது: வழக்கத்தை மதிக்கவும் வேண்டும், சங்கிலியை அறுக்கவும் வேண்டும்.

செய்முறையாகக் கேட்டீர்கள், சொல்கிறேன். ஆறு கிராமத்தையும் சோடி சோடியாக இணையுங்கள். ஒரு ஊர்க்காரர் அடுத்த ஊரில் உட்காரட்டும். ஒரு கிராமத்துக்கு ஒருவர் போதாது, இருவர் வேண்டும், வேறு வேறு சமூகத்திலிருந்து. யாரிடம் போவது என்பது வருகிறவர் தெரிவு. இடம் கோயிலடி வேண்டாம், சங்கக் கட்டடமும் வேண்டாம். கிளினிக் நாளில் கிளினிக் வளவுக்குள் ஒரு மரம் நல்லது. எல்லோரும் பார்க்கலாம், யாருக்கும் கேட்கக்கூடாது, 15 அடியாவது தள்ளி. பக்கத்திலேயே பிரஷர் பார்க்கும் மேசை இருந்தால் "பிரஷர் பார்க்கப் போனேன்" என்று வீட்டில் சொல்லிக்கொள்ளலாம்.

வீட்டு வன்முறையில் வாங்குக்காரர் சமாதானம் பேசவே கூடாது. கணவனை அழைத்து விசாரிப்பதும் கூடாது. பாதுகாப்பைக் கேட்டறிந்து, பிரதேச செயலகத்தில் பெண்கள் விடயத்துக்குப் பொறுப்பான உத்தியோகத்தரிடம் அவள் சம்மதத்தோடு கொண்டுபோய் விடுவதோடு அவர் வேலை முடியும்.

செவ்வந்தி

வெளிவாசல் சொன்ன சோடி முறையை ஒத்துக்கொள்கிறேன். எந்த வழக்கத்தை வைத்திருப்பது, எதை விடுவது என்பதை வெளியிலிருந்து வருகிற நாம் தீர்மானிக்க வேண்டியதில்லை, அந்த ஊரில் அதிகம் அடிபட்டவர்களைக் கேட்டால் அவர்களே சொல்வார்கள்.

இன்னொன்று, வன்னிக்கு இது தவிர்க்க முடியாதது. காணாமல் ஆக்கப்பட்டவர்களின் குடும்பங்கள். வாங்கு முறை பிரச்சினையைத் தீர்க்கும் முறை. இவர்களின் பிரச்சினையை வாங்கு தீர்க்காது. உடல் இல்லாமல் எட்டும் அந்தியேட்டியும் ஆகிய இறுதிக் கிரியைகளைச் செய்ய மாட்டார்கள். செய்யச் சொல்லி யாரும் வற்புறுத்தவும் கூடாது, செய்தால் தங்கள் கையாலேயே பிள்ளையைக் கொன்றதாக நினைக்கும் தாய்மார் இருக்கிறார்கள். பொட்டு வைப்பதா விடுவதா என்பதும் அப்படித்தான். படிவத்தில் 'விதவை' என்ற கட்டம் மட்டும் இருந்தால் முதல் நாளே அந்தப் பெண் எழுந்து போய்விடுவாள். 'கணவரைக் காணவில்லை' என்று தனிக் கட்டம் வையுங்கள். 2016இல் வந்த சட்டத் திருத்தத்தின்படி 'இறந்துவிட்டார்' என்று எழுதாமல் 'காணவில்லை' என்றே சான்றிதழ் பெறலாம். பயிற்சியில் அதை எடுப்பது எப்படி என்று சொல்லிக்கொடுங்கள், வேண்டாம் என்கிறவரிடம் இரண்டாம் முறை பேச வேண்டாம்.

கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் 2017 பெப்ரவரி 20இல் போராட்டத்தில் உட்கார்ந்த தாய்மார் கேட்டது ஆறுதலை அல்ல, பதிலை. அந்தக் கோரிக்கையை நோய்க்குறியாகப் பதிவேட்டில் எழுதும் எந்தத் திட்டமும் அவர்களுக்கு இன்னொரு அநியாயம். போராட்டத்துக்குப் போகும் நாளில் சங்கக் கூட்டத்துக்கு வராததை 'வரவில்லை' என்று குறிக்காதீர்கள்.

சிட்டை

கடன் பக்கத்தை யாரும் தொடவில்லை. வடக்கில் நுண்கடன் என்ன செய்தது என்பது எல்லோருக்கும் தெரியும். குழுப் பொறுப்பு என்ற பெயரில் ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் எல்லோரும் அவள் முற்றத்தில் குந்தியிருக்க வேண்டும். ஊரில் ஒருவருக்கொருவர் கைமாற்றாக உப்பும் சீனியும் கொடுத்த உறவையே கடன் வசூலிப்பு ஆயுதமாக்கினார்கள். 2018இல் வறட்சிப் பிரதேசப் பெண்களின் சிறு கடன்களை அரசு தள்ளுபடி செய்யவேண்டி வந்தது.

ஆகவே சுழற்சி நிதிக் கொப்பி பிடிக்கிறவரும் வாங்கில் உட்காருகிறவரும் ஒருவராக இருக்கவே கூடாது. ஒரே வீட்டுக்காரராகவும் இருக்கக் கூடாது. கடன் கட்ட முடியாத பெண் தன் நெஞ்செரிவைச் சொல்லப் போகும் இடத்தில் கொப்பி இருந்தால் வாய் திறக்க மாட்டாள். வாங்குக்கு வந்தால்தான் கடன் என்றும் வைக்காதீர்கள், வராதவர்களும் நோயாளியாக வந்து நிற்பார்கள்.

நிதிக்கு என் கணக்கு இது: முதல் மூன்று மாதம் சேமிப்பு மட்டும், கடன் இல்லை. மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கை வட்டியில்லாத அவசரக் கைக்காசாக ஒதுக்குங்கள், செத்தவீடு, ஆஸ்பத்திரி, பள்ளி தொடங்கும் மாதம் ஆகிய மூன்றுக்கு மட்டும். வெளியாள் பொறுப்பாக நின்று எடுக்கும் பெரிய கடனைவிட இந்தச் சின்னக் காசுதான் இரவு நித்திரையைக் காப்பாற்றும்.

கோழியைப் பற்றியும் சொல்லவேண்டும். குஞ்சு கொடுத்த இரண்டாம் மாதம் ராணிக்கெட் என்ற கோழிநோய் வந்து பாதி செத்துவிடும். தடுப்பூசி பிந்தினால் முழுக்கவே போகும். குஞ்சு செத்த பெண், திட்டக்காரர் ஏசுவார்கள், காசு திருப்பிக் கேட்பார்கள் என்று பயந்து கூட்டத்துக்கு வருவதை நிறுத்துவாள். அறிக்கையில் 'பயனாளிக்கு ஆர்வமில்லை' என்று எழுதுவார்கள். ஆர்வம் அல்ல, வெட்கம். முதல் கூட்டத்திலேயே, குஞ்சு கொடுக்கும் முன்பே, "செத்தால் திருப்பித் தரத் தேவையில்லை, ஆனால் செத்த அன்றே சொல்ல வேண்டும்" என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிடுங்கள். ஊசி போட்ட தேதியைக் கூட்டின் கதவிலேயே எழுதுங்கள்.

ஹராரேயில் ஆறு சந்திப்பு முடிந்தவர்கள் சேரும் குழுவில் பழைய பிளாஸ்டிக்கைக் கிழித்துப் பை பின்னுகிறார்கள். கை வேலை செய்யும்போது வாய் தானாகப் பேசும், அதை எடுங்கள். பையை எடுக்காதீர்கள். ஆறு கிராமமும் ஒரே பை பின்னினால் கிளிநொச்சிச் சந்தை ஒரு மாதத்தில் நிரம்பிவிடும். பனையோலை கிடைக்கும் ஊரில் ஓலை, மற்ற ஊரில் மிளகாய்த்தூள் இடித்தல்.

நீர்வேலி

சந்திப்புக்குள் என்ன நடக்க வேண்டும் என்று யாரும் எழுதவில்லை, அதனால் ஒரு துண்டு. பயிற்சியில் வாசித்து நடிக்கலாம்.

"அக்கா, ஒரே யோசினை. நித்திரையில்லை."
"என்னென்ன யோசினை? ஒவ்வொண்டாச் சொல்லுங்கோ, நான் விரல் மடக்கிறன்."
"கடன். மகன் பள்ளிக்குப் போறான் இல்லை. கிணறு இடிஞ்சு போச்சு. அவர் குடி."
"நாலு. இதில எது இந்தக் கிழமை கூடக் கரைச்சல்?"
"மகன்."
"சரி, இண்டைக்கு மகன். மற்ற மூண்டும் இஞ்சயே இருக்கட்டும், நான் மறக்க மாட்டன். அவன் எந்த நாளில போறான், எந்த நாளில போறானில்லை?"

விரல் மடக்குவது சின்ன விஷயமாகத் தெரியும். ஒரே கட்டியாக நெஞ்சில் கிடந்தது நான்காகப் பிரிகிறது. பிறகு வழிகளை வருகிறவரே சொல்ல வேண்டும், குறைந்தது மூன்று, சரியில்லாததும் வரட்டும். அதில் ஒன்றைத் தெரிந்து, யார், எந்த நாள், எத்தனை மணி என்று பிரித்து முடிக்க வேண்டும். "மகனோட கதைக்கிறன்" என்பது திட்டம் அல்ல. "வியாழன் பின்னேரம் ரீச்சரைப் போய்ப் பாக்கிறன், மாமி சின்னவளைப் பாத்துக்கொள்ளுவா" என்பது திட்டம். அடுத்த முறை அதைத்தான் முதலில் கேட்க வேண்டும். நடக்கவில்லை என்றால் ஏன் என்று குற்றமாகக் கேட்காமல், எந்த இடத்தில் தடைப்பட்டது என்று கேட்க வேண்டும். பஸ் காசு இல்லாமல் தடைப்பட்டிருக்கலாம்.

தடைசெய்ய வேண்டிய வாக்கியங்கள்: "ஒண்டும் யோசிக்காதேங்கோ." "உங்களைவிடக் கஷ்டப்பட்ட ஆக்கள் இருக்கினம்." "எல்லாம் விதி." மூன்றும் கதவைச் சாத்தும். விதி என்று வருகிறவரே சொன்னால் மறுக்க வேண்டாம், "விதி எண்டாலும் நாளைக்கு அடுப்பு மூட்ட வேணும்தானே, அதுக்கு என்ன செய்யலாம்?" என்று தொடரலாம்.

முதல் சந்திப்புக்கு முக்கால் மணி நேரமாவது வேண்டும். சாக நினைக்கிறீர்களா என்பதைச் சுற்றிவளைக்காமல் கேட்க வேண்டும். கேட்பதால் எண்ணம் வராது, சொல்ல இடம் கிடைத்த ஆறுதல்தான் வரும். ஓம் என்றால் அன்றைக்கே மேற்பார்வையாளருக்கு அறிவித்து, தனியாக விடாமல், மாவட்ட வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குக் கூட்டிப்போக வேண்டும். 1926 என்ற தேசிய மனநல உதவி எண்ணை வாங்கிலேயே எழுதி வையுங்கள். யாருக்கும் கேட்காத குரல் கேட்கிறது என்று சொல்கிறவரும் வாங்குக்கு உரியவர் அல்ல, வைத்தியரிடம் போக வேண்டியவர்.

வீட்டுத்தோட்டத்துக்குக் கிருமிநாசினி, அதாவது பூச்சிமருந்து, கொடுக்கப் போகிறீர்களா? கொடுக்காதீர்கள். இலங்கையில் 1990களின் நடுவிலிருந்து தற்கொலை ஏறத்தாழ 70 சதவீதம் குறைந்ததற்கு ஆலோசனை நிலையங்கள் அல்ல, கடும் நச்சு மருந்துகளைப் படிப்படியாகத் தடைசெய்ததே பெரிய காரணம். விவசாயப் பகுதியும் உளநலப் பகுதியும் ஒரே மேசையில் இருந்து எழுதவேண்டியதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். வேப்பெண்ணெய்க் கரைசலே வீட்டுத் தோட்டத்துக்குப் போதும்.

கரைச்சி

நிறைய மாறுகிறது. வாங்கைத் திட்டத்தின் முதல் மாதத்திலிருந்து ஏழாம் மாதத்துக்குத் தள்ளுகிறோம். முதல் ஆறு மாதம் சொல் சேர்ப்பு, ஆள் தெரிவு, சேமிப்பு. மேற்பார்வை பற்றியும், எந்த மாதத்தில் அளப்பது என்பது பற்றியும் யாராவது சொல்ல முடியுமா?

மருதநிழல்

முதலில் சாவது மேற்பார்வைதான். பயிற்சிக்குப் பத்து நாளும் சாப்பாடும் பதாகையும் இருக்கும், மேற்பார்வைக்கு ஒரு வரி கூட இருக்காது. மூன்றாம் மாதம் வாங்குக்காரர் அறிவுரை சொல்லத் தொடங்குவார், ஐந்தாம் மாதம் கேட்டதெல்லாம் அவர் தலையில் ஏறி அவரே நித்திரையில்லாமல் இருப்பார், எட்டாம் மாதம் வாங்கு வெறுமையாகக் கிடக்கும். பன்னிரண்டு பேருக்குக் கிழமைக்கு ஒருமுறை இரண்டு மணி நேரம் ஒன்றுகூடல் வையுங்கள். முதல் அரைமணி அவர்களுடைய சுமை, பெயர் சொல்லாமல். பிறகு இரண்டு சந்திப்புகளை நடித்துக் காட்டல். மாதம் ஒருமுறை வைத்தியசாலையின் மனநல வைத்திய அதிகாரி வரட்டும். இந்தக் கூடலைப் பிரதேச செயலகத்து உளவளத்துணை உத்தியோகத்தர் இரண்டாம் வருடத் தொடக்கத்திலேயே நடத்தத் தொடங்க வேண்டும், திட்ட உத்தியோகத்தர் பின்னால் உட்கார்ந்திருக்க வேண்டும். மூன்றாம் வருடம் கைமாற்றலாம் என்று நினைத்தால் கைமாறாது. போக்குவரத்துக் காசையும் அப்போதே செயலகத்தின் அல்லது சங்கத்தின் கணக்குக்கு மாற்றுங்கள்.

பதிவேட்டில் 'ஆலோசனை பெற்றோர் தொகை' என்ற நிரலை எடுத்துவிடுங்கள். அந்த எண் இருந்தால் அதை ஏற்றுவதுதான் வேலையாகும். அதற்குப் பதில் மூன்று நிரல்: எத்தனையாவது சந்திப்பு, போன முறை தீர்மானித்த காரியம் நடந்ததா, வரமாட்டேன் என்று நின்றவர் ஏன் நின்றார்.

செவ்வந்தி

அளக்கும் மாதம்: மே மாதமும் நவம்பரும் வேண்டாம். யுத்தத்தின் முடிவை நினைவுகூரும் மே 18ஐ ஒட்டி முள்ளிவாய்க்கால் கஞ்சி காய்ச்சும் நாட்களிலும், மாவீரர் நாளான நவம்பர் 27ஐ ஒட்டியும் வன்னியில் எந்தத் தாயிடம் கேட்டாலும் எண் ஏறித்தான் இருக்கும். அது நோய் அல்ல, நினைவு. காலபோக அறுவடைக்கு முந்திய மாதங்களில் வீட்டில் காசிருக்காது, நெல் வந்தவுடன் எல்லோரும் கொஞ்சம் தெளிவார்கள். முதல் கணக்கெடுப்பை மார்கழியிலும் கடைசியை மாசியிலும் எடுத்தால், நீங்கள் ஒன்றுமே செய்யாவிட்டாலும் முன்னேற்றம் தெரியும். இரண்டையும் ஒரே மாதத்தில் எடுங்கள். ஆடி நல்லது. கல்யாணங்கள் இருக்காது, ஆட்கள் வீட்டில் இருப்பார்கள்.